சிராங்கூன் ரோட்டின் எதிர் வரிசை

கிராணியார் சாலையைக் கடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா பசாரில் மீன் கூடைகளைக் கழுவி ஊற்றிய தண்ணீர் இன்னும் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை. சாலை முனையில் நின்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், ஒரு மாட்டு வண்டிக்கு வழி விட்டார், பிறகு நிதானமாக எதிர் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்.

நான் இந்த வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, "ஐயோ, அந்தப் பக்கம் இல்லைங்க, இந்தப் பக்கம்!" என்று வாய்க்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன். இந்த வரிசையில் பதினான்கு கடைக்காரர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அந்த வரிசையில் ஒரு ஆளுக்குக்கூடச் சொல்லவில்லை.

கிராணியார் என்றால் வைத்திலிங்கம். துறைமுகத்தில் தலைமைக் கிராணி. குமாஸ்தாவை இந்த ஊரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு ஒரே மகள், சௌந்தரம். அவளை எனக்குக் கொடுப்பதா, ஈப்போ பக்கத்தில் ஒரு தோட்டக் கிராணிக்குக் கொடுப்பதா என்பதை அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

அவர் கையில் குடையோடு சேர்த்து என் வாழ்க்கையும் இருந்தது. அது தெரியாத மாதிரி குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்தார் மனிதர்.

கொம்பு முளைத்த பஸ்

நான் அப்போது டிராலி பஸ் கண்டக்டர். போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "டிராலி பஸ் என்றால் என்ன, தள்ளுவண்டியா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். உங்கள் வயது அப்படி, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம், மின்சாரத்தில் ஓடும் பஸ் அது. சாலைக்கு மேலே இரண்டு கம்பிகள் கட்டியிருப்பார்கள். பஸ்ஸின் கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்புகள் மேலே போய் அந்தக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டே வரும். நாங்கள் அதைக் கொம்பு என்போம். கொம்பு கழன்றால் பஸ் அங்கேயே படுத்துவிடும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய், கொம்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து, ஆட்டி, மறுபடி கம்பியில் பொருத்த வேண்டும். மழை நாளில் நீலப் பொறி பறக்கும். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டும்.

எனக்கு முன்னால் அதே சாலையில் டிராம் ஓடியது. அதற்கும் முன்னால் குதிரை வண்டி, மாட்டு வண்டி. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகள் இந்த ஊர்ச் சாலைகளுக்குக் கல் உடைத்தார்கள் என்று சொல்வார்கள். பாயா லேபாரிலிருந்து ஒவ்வொரு நாளும் அதே சாலையில் ஏறி இறங்கி, சம்பளம் வாங்கிக்கொண்டு கல்லுடைத்த கைதி நான் ஒருவன்தான் என்று என் டிரைவர் ஒஸ்மானிடம் சொல்வேன். அவர் மலாய்க்காரர், நல்ல மனுஷர், சிரிக்காமல் பீடியைப் பற்றவைப்பார்.

பேர் விஷயத்திலும் இந்தச் சாலை மகா குறும்பு. பஃபலோ ரோடு என்று பலகை இருக்கும், எருமை இருக்காது. ஒரு காலத்தில் அங்கே எருமைகள் சேற்றில் புரண்டனவாம். எருமைகள் போனபிறகுதான் கொம்பு வைத்த பஸ் வந்தது என்பது என் சொந்த ஆராய்ச்சி. சுண்ணாம்புச் சூளைகள் இருந்த இடத்தைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம், என்பார்கள். சூளைகள் எப்போதோ அணைந்துவிட்டன. சிராங்கூன் என்பதே ஒரு பறவையின் பெயரிலிருந்து வந்தது என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். அத்தனை வருஷத்தில் அந்தப் பறவை என் பஸ்ஸில் ஒரு நாளும் டிக்கெட் எடுக்கவில்லை.

லாவெண்டர் ஸ்திரீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பு அங்கே காய்கறித் தோட்டங்கள் இருந்தன, அவற்றுக்குப் போட்ட எரு என்னவென்று சாப்பிடும் நேரத்தில் சொல்லக்கூடாது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசனைப் பூவின் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த லாவெண்டர் ஸ்திரீட் முனையில்தான் சௌந்தரம் பஸ் ஏறுவாள்.

இரண்டு நிமிடம்

சௌந்தரம் செலிகி பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் தாமதமாக வந்தால் முட்டி போட வைப்பவள். ஆனால் அவள் ஒரு நாளும் பஸ்ஸுக்கு நேரத்தோடு வந்ததில்லை.

முதல் வாரம் இரண்டு முறை பஸ்ஸை விட்டுவிட்டாள். ஓடி வருவாள், பஸ் நகர்ந்திருக்கும், குடையும் பையுமாக நடுத்தெருவில் நிற்பாள். பின் ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் போவேன். மனசு கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அவள் வரவில்லை, ஒஸ்மான் வண்டியை எடுக்கப்போகிறார். என் கை தானாகப் பின் ஜன்னலுக்கு வெளியே போனது. கயிறு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு இழு. கொம்பு கழன்றது, பஸ் நின்றது.

நான் இறங்கி, இரண்டு நிமிடம் கயிற்றை அப்படி ஆட்டி இப்படி ஆட்டி, "என்ன கம்பியோ, என்ன கம்பெனியோ" என்று உரக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். சௌந்தரம் மூச்சு வாங்க வந்து ஏறினாள். கொம்பு உடனே கம்பியில் உட்கார்ந்துகொண்டது.

"செலிகி ஒண்ணு," என்றாள்.

"செலிகி ஒண்ணு," என்று நானும் சொல்லி டிக்கெட் கிழித்தேன். ஒன்றரை வருஷம் எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கட்டும்.

வாரத்தில் நான்கு நாளாவது கொம்பு கழன்றது. ஒஸ்மான் திரும்பிப் பார்த்து, "லாகி?" என்பார். மறுபடியுமா என்று அர்த்தம். "லாகி," என்பேன் நான். அந்த நாட்களில் அந்த பஸ்ஸில் போய், தாமதமாக இறங்கி, முதலாளியிடம் திட்டு வாங்கிய வாசகர்கள் யாராவது இருந்தால் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் திருந்தியிருக்க மாட்டேன்.

விசாரிப்பு

எனக்கு அப்பா அம்மா இல்லை. தனம் அக்காதான் வளர்த்தாள். காளியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் அவள் வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். சுவரெல்லாம் மிளகாய்த் தூள், தும்மிக்கொண்டே தூங்குவோம். ஒரு நாள் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சரா? கிராணியார் மகளா?" அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "உனக்கு ஆசை ரொம்பத்தான்டா."

திட்டினாலும் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினாள். கிராணியார் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவில்லை. "கண்டக்டர் வேலை கேவலம்னு நான் சொல்லலம்மா. பையன் எப்படின்னு தெரியணும். வர்ற ஞாயித்துக்கிழமை தேக்காலேருந்து எங்க வீட்டு முனை வரைக்கும் நடந்து விசாரிப்பேன். ஒரு வாய் தப்பாப் பேசினாலும் ஈப்போதான்."

அன்றைக்கு வழக்கம் அப்படி. ஜாதகப் பொருத்தம் பத்து பார்த்தாலும், பதினோராவது பொருத்தம் கடைத்தெருவில்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை எந்தக் கடையில் எப்படி நடந்துகொள்வான், குடிப்பானா, யாரோடு சுற்றுவான் என்று வீட்டில் தெரியாதது கடைக்காரனுக்குத் தெரியும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒரே பொய்யைப் பதினான்கு பேரைச் சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் எங்கள் வரிசையில் கடை கடையாக ஏறினேன். கிராணியார் பக்திமான், காளியம்மன் கோவிலும் பெருமாள் கோவிலும் எங்கள் வரிசையில்தான், எனவே இந்தப் பக்கம்தான் வருவார் என்பது என் கணக்கு. "தங்கமான பையன்னு சொல்லுங்க, அது போதும்" என்று எல்லாரிடமும் கெஞ்சினேன்.

நகை செய்யும் பத்தர், "தங்கத்தைப் பத்தி நான் பொய் சொல்றதில்லையே," என்று இழுத்தார். மாவு மில் மாணிக்கத்துக்கு மெஷின் சத்தத்தில் பாதிக் காது போயிருந்தது. ஐந்து முறை சொன்ன பிறகு, "என்ன, தங்கச்சிக்குக் கல்யாணமா?" என்றார். பூக்கடை அக்கா மட்டும், "போடா, நான் அழுதே சொல்றேன், போதுமா?" என்று தைரியம் கொடுத்தாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். பஸ் நிற்பது எதிர் வரிசையில் என்பதை, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அங்கே நிற்கிற நான் மறந்தே போனேன்.

தூணுக்குத் தூண்

எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் எதிர் வரிசையில், நான் எங்கள் வரிசையில். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நல்ல பருமனான தூண்கள் உண்டு. வெள்ளைக்காரன் எதற்காகக் கட்டினானோ, மாப்பிள்ளைகள் ஒளிய வசதியாகக் கட்டியிருந்தான். அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால் நான் ஒரு தூணில் நிற்பேன். அவர் வெளியே வந்தால் அடுத்த தூணுக்கு ஓடுவேன்.

பேச்சு காதில் விழாது. நடுவில் சைக்கிள், ரிக்‌ஷா, லாரி, பஸ். தலையாட்டலை வைத்துத்தான் படிக்க வேண்டும். நம் ஆட்களின் தலையாட்டலைச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து படிப்பது லேசுப்பட்ட காரியமா? துணிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று ஆட்டினாரா? துணிப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே பேசுகிறார், அதில் எது நூலுக்கு ஆட்டல், எது எனக்கு ஆட்டல்?

எங்கள் வரிசையில் பூக்கடை அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடா உன் மாமனார்? நான் காலையிலேருந்து அழறதுக்குத் தயாரா உட்கார்ந்திருக்கேன்."

"அந்தப் பக்கம் போயிட்டாருக்கா."

"அந்தப் பக்கமா?" என்று அவள் வாயில் கை வைத்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

கிராணியார் டெஸ்கர் ரோடு தாண்டினார், சையது ஆல்வி ரோடு தாண்டினார். பெருமாள் கோவில் கோபுரம் தெரிந்ததும் எதிரிலிருந்தபடியே குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். நானும் தூணுக்குப் பின்னாலிருந்து கும்பிட்டேன். பெருமாளுக்கு அன்றைக்கு ஒரே சமயத்தில் இரண்டு விண்ணப்பம்.

கடைசியாக லாவெண்டர் ஸ்திரீட் முனை. சீனர் ஆ செங்கின் கோப்பிக் கடை. கிராணியார் வெளியில் கோப்பி குடிக்கும் பழக்கமே இல்லாதவர், பக்கத்திலேயே குடியிருந்தும் அந்தக் கடைப் படி ஏறியதில்லை. அன்று ஏறினார். உட்கார்ந்தார். கோப்பி வந்தது. ஆ செங் கையை நீட்டிச் சாலையைக் காட்டினார், பிறகு மேலே கம்பியைக் காட்டினார்.

நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

ஆ செங் கொடுத்த சான்றிதழ்

ஆ செங் என்ன சொன்னார் என்பதை அன்று சாயந்திரம் அவரே எனக்குப் பெருமையாகச் சொன்னார். தேக்காவில் இருந்த சீனர்கள் பலர் தமிழ் பேசுவார்கள். இவர் தமிழில் மூன்று பாஷை கலந்து பேசுவார்.

"உன்னைப் பத்தி நல்லா சொன்னேன் லா! கண்டக்டர் ரொம்ப நல்ல பையன். தினம் காலையில பஸ் இங்கதான் ரோசாக். வேற எங்கயும் ரோசாக் ஆகாது."

ரோசாக் என்றால் பழுது. "அதை எதுக்கு ஆ செங் சொன்னீங்க?"

"ஏன்? உள்ள இருக்கிறவங்க ஜன்னல் வழியா கோப்பி கேக்கறாங்க, பால் டின்ல ஊத்திக் குடுக்கிறேன். எனக்கு வியாபாரம். டீச்சர் வந்தா பஸ் தானா நல்லா ஆயிடும். அதுவும் சொன்னேன்."

டீச்சர் வந்தால் பஸ் நல்லாகிவிடும்! என் கல்யாணத்தை அந்த ஒரு வாக்கியத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, எனக்கு இலவசமாக ஒரு கோப்பியும் கொடுத்தார். குடித்தேன்.

மத்தியானம் சொல்வதாகச் சொன்ன கிராணியார் அன்று எதுவும் சொல்லவில்லை. அக்கா போய்க் கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன்" என்று கதவைச் சாத்திவிட்டாராம். அன்று மிளகாய்த் தூளே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

திங்கட்கிழமை

வழக்கமாகக் கிராணியார் விடியற்காலை பஸ்ஸில் துறைமுகம் போய்விடுவார். அன்று என் பஸ்ஸில் ஏறினார். அதுவும் தன் வீட்டு முனையில் அல்ல. ஒரு ஸ்டாப் மேலே நடந்துபோய், அங்கே காத்திருந்து ஏறினார். நேராகக் கடைசி இருக்கைக்கு வந்து, கயிறு தொங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குடையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினார்.

"டிக்கெட் குடுங்க தம்பி."

கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகக் கிழித்துவிட்டேன்.

லாவெண்டர் ஸ்திரீட் முனை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சௌந்தரம் இல்லை. ஒஸ்மான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கிராணியாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இழுத்தால், திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான். இழுக்காவிட்டால், நான் நல்ல பிள்ளை. ஆ செங் ஏதோ உளறினார் என்று கூடச் சாதித்துவிடலாம். பெண்ணும் கிடைக்கலாம். அதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் புரிந்தது.

ஒஸ்மான் வண்டியை எடுத்தார். பின் ஜன்னலில் தெரு காலியாக நகர்ந்தது. குடையும் பையுமாக நடுத்தெருவில் நிற்கும் அந்த முகம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். கிராணியார் தோளுக்கு மேலே கையை நீட்டி, அவர் கண் முன்னாலேயே கயிற்றை இழுத்தேன்.

கொம்பு கழன்றது. பஸ் நின்றது.

"லாகி?" என்றார் ஒஸ்மான். நான் இறங்கவில்லை. கிராணியார் முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். உள்ளே இருந்தவர்கள் ஆ செங்கிடம் கோப்பி கேட்க ஆரம்பித்தார்கள்.

சௌந்தரம் வந்து ஏறினாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் திடுக்கிட்ட மாதிரியே தெரியவில்லை. என் பயத்தில் அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிராணியார் எழுந்தார். "தம்பி, எதுக்கு எதிர் வரிசையில நடந்தேன் தெரியுமா?"

"தெரியலைங்க ஐயா."

"நம்ம வரிசைக்காரன் நம்மளை எங்க பார்க்கிறான்? எதிர் வரிசைக்காரன்தான் நாள் முழுக்க நம்ம வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்." அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா இவ கிளம்பறதுக்காக வாசல்ல நின்னு நின்னு எனக்குக் கால் வலி. இனிமே நீங்க நில்லுங்க."

சொல்லிவிட்டு இறங்கி, ஆ செங் கடையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். துறைமுகத்துக்கு அவர் தாமதமாகப் போன ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். நான் இறங்கிப் போய்க் கொம்பைப் பொருத்தினேன். கண்ணீர் மறைத்ததால் அன்றைக்கு நிஜமாகவே இரண்டு நிமிடம் ஆனது.

பின்குறிப்பு மாதிரி

டிராலி பஸ் கொஞ்ச காலத்தில் போய்விட்டது. கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் நாங்கள் தோ பாயோவுக்குக் குடி வந்தோம், இங்கே எல்லாம் டீசல் பஸ். கயிறு கிடையாது. சௌந்தரம் வரும்வரை நான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று காத்திருப்பேன்.

இந்த வாரக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். டீச்சர் அல்லவா, சிவப்பு மையோடுதான் உட்கார்ந்தாள். நான்கைந்து சந்திப்பிழை திருத்தினாள். 'ஒரு நாளும் பஸ்ஸுக்கு நேரத்தோடு வந்ததில்லை' என்ற வரியில் பேனா நின்றது.

"இது தப்பு," என்றாள்.

"என்ன தப்பு? எழுத்துப் பிழையா?"

"விஷயமே தப்புங்க. அந்த முதல் மூணு வாரம்தான் நான் லேட்டு. அப்புறம் தினம் உங்களுக்கு முன்னாடியே வந்துடுவேன். கோப்பிக் கடைக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பெரிய தூண் இருக்கும்ல, அதுக்குப் பின்னால நிப்பேன்."

"எதுக்கு?"

"நீங்க இழுக்கிறீங்களான்னு பார்க்க."

நாற்பது பேரைத் தினம் நடுரோட்டில் நிறுத்தி வைத்தது நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் பாவம் சுமந்துகொண்டிருந்தேன். "அப்போ அந்தத் திங்கட்கிழமை? உங்கப்பா உள்ளே உட்கார்ந்திருந்த அன்னைக்கு?"

"அவர் மேல் பக்கமா நடந்து போறப்பவே தெரியும், எதுக்குப் போறாருன்னு." அவள் பேனாவை மூடினாள். "பஸ்ஸு நகர ஆரம்பிச்சிடுச்சு. அப்பவும் நான் தூணை விட்டு வரலை. நீங்க இழுக்கலைன்னா நான் ஈப்போவுக்கே போயிருப்பேன்."